பேச்சியம்மாவின் வசனம்

"அடியே பேச்சி, கேமராவப் பாக்காத! போன வருசம் மாதிரி மானத்த வாங்கிராத" என்றாள் மூக்கம்மா.

பேச்சியம்மாவுக்குச் சுருக்கென்றது. போன வருஷம் மஞ்சூர் பக்கத்து இந்த எஸ்டேட்டில்தான் ஒரு காதல் சினிமா எடுத்தார்கள். இளம் முதலமைச்சர் ஒருவர் கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் மனசைப் பறிகொடுக்கும் கதை. தேயிலைத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து வந்து கூட்டத்தில் நின்ற பேச்சியம்மா, முதலமைச்சராக நடித்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க லயத்துக்கு ஒரு ரோடு போட்டுக் குடுங்க சாமி" என்று அழுதுவிட்டாள்.

அதற்குச் சில மாதம் முன்புதான், பிரசவ வலியில் துடித்த அவளுடைய மூத்த மகளைக் கம்பளியில் கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். ஒற்றையடிப் பாதையில் பாதி வழியிலேயே உயிர் போய்விட்டது. பெற்றவளுக்கு வேறு என்ன வசனம் வரும்?

யூனிட்டே விழுந்து விழுந்து சிரித்தது. "லவ் சீன்ல ஒப்பாரி வெக்கிறியேம்மா! என்ன வேணும்னு கேட்டா, ஒரு குறையும் இல்லீங்கன்னு சொல்லு, போதும்" என்று டைரக்டர் சிடுசிடுத்தார். ஆள் பிடித்து வந்த ஒச்சப்பன் அன்று அவளுக்குச் சோற்றுப் பொட்டலம்கூடக் கொடுக்கவில்லை.

இன்றைக்கும் அதே ஒச்சப்பன்தான் பெண்களை வரிசையில் உட்காரவைத்தான். "தலைவர் வருவாரு. கை தட்டோணும். பிரியாணி உண்டு." அவ்வளவுதான் சொன்னான்.

விளக்குகள் பளிச்சிட்டன. மாலையும் சிரிப்புமாகத் தலைவர் காரிலிருந்து இறங்கினார்.

"இந்த வயசுல இவருக்கு லவ்வு கேக்குதா?" மூக்கம்மா கிசுகிசுத்தாள்.

"அதான் முடிக்கு மை அடிச்சிருக்காங்கல்ல. பக்கத்துல வர்ற பட்டுச்சேலைதான் ஹீரோயினாட்டம் இருக்குது" என்றாள் பேச்சியம்மா.

தலைவர் நேராகப் பேச்சியம்மாவிடமே வந்து நின்றார். "சொல்லுங்கம்மா, உங்களுக்கு என்ன வேணும்? எதுவா இருந்தாலும் தயங்காமக் கேளுங்க."

சின்ன மகளுக்கு இது ஒன்பதாம் மாதம். ரோடு என்ற சொல் பேச்சியம்மாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள். வேஷம் போட்டவனிடம் கேட்டுச் சிரிப்பாய்ச் சிரித்தது ஒரு தடவை போதாதா?

"எங்களுக்கு ஒரு குறையும் இல்லீங்க சாமி."

ஒச்சப்பன் கையசைக்க, கைதட்டல் அதிர்ந்தது. தலைவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. பட்டுச்சேலைப் பெண்ணிடம் திரும்பினார்.

"கேட்டீங்களா கலெக்டரம்மா? இவங்களுக்கு ஒரு குறையும் இல்லையாம். இந்த லயத்துக்குன்னு ஒதுக்கி வெச்ச ரோட்டை வேற ஊருக்கு மாத்திடுங்க."