தேசபக்தரின் முன்பல்

"பட்டாளத்துக்காரன் துப்பாக்கிக் கட்டையால ஒரே இடி, டாக்டரம்மா. முன்பல்லு ரெண்டும் பாதி பாதி போயிடுச்சு. ஆனா ஒரு அடி பின்வாங்கல நானு," என்று நாற்காலியில் சாய்ந்தபடி சொன்னார் ஏழுமலை.

பல் டாக்டர் கல்யாணி மரியாதையாகத் தலையாட்டினாள். இந்திய வம்சாவளிப் பிரதமரின் ஆட்சியைக் கவிழ்த்த அந்த இரண்டாயிரமாவது வருஷத்தில், தீவின் தலைநகரான சுவாவில் குளியலறையில் வழுக்கி விழுந்தவன் பல்லைக்கூடப் பட்டாளம்தான் உடைத்தது! ஆனால் ஏழுமலை அப்படிப்பட்டவர் இல்லை என்று அவள் நம்பினாள். ரக்கிரக்கி பக்கத்துக் கரும்பு விவசாயிகளுக்கே தலைவர். மைக் கையில் கிடைத்தால் போதும், "யாரும் ஓடாதீங்க, இது நம்ம மண்ணு" என்று தொண்டை கிழிய முழங்குகிறவர்.

"பிடுங்க வேண்டாம், ஐயா. பாண்டிங் பண்ணி, உடைஞ்ச இடத்தைப் பல் நிறத்துலயே கட்டிடலாம். ஒரு மணி நேர வேலைதான்," என்றாள்.

உதவியாளர் ஜான்கி கதவருகே வந்து நின்றாள். "டாக்டர், மூணு மணிக்குள்ள நியூசிலாந்துக்கு ஃபாக்ஸ் போகணும். அனுப்பிடவா?"

கல்யாணிக்கு அங்கே ஹாமில்டனில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. இன்றைக்குள் 'வருகிறேன்' என்று பதில் போகாவிட்டால், பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

போகத்தான் வேண்டும். கிளினிக் கண்ணாடியைக் கலவரக்காரர்கள் இரண்டு தடவை கல்லால் அடித்தாயிற்று. மகன் சங்கர் பள்ளிக்கூடம் என்றாலே நடுங்குகிறான். இருந்தும் எட்டு வருஷம் பழகின ஊரை விட்டுப் போக மனசு வரவில்லை. கடிதத்தை எழுதி மேஜையில் வைத்துவிட்டுக் காலையிலிருந்து அதையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள்.

"இரு ஜான்கி, இவரை முடிச்சிட்டுச் சொல்றேன்."

ஏழுமலை சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "அட கடவுளே! நீங்களுமா?"

"வாயைத் திறங்க, ஐயா."

உதட்டுக்கடியில் பஞ்சு வைத்து, பல்லில் மருந்து தடவி, கழுவி, பசை பூசி, நீல விளக்கைக் காட்டினாள். அது எரிந்த இருபது விநாடியும் மனுஷர் எப்படித்தான் அடக்கிக்கொண்டிருந்தாரோ! விளக்கு அணைந்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"எங்க தாத்தா கிர்மிட் ஒப்பந்தக் கூலியா கப்பலேறி வந்து, சவுக்கடி வாங்கிக் கரும்பு வெட்டினாரு. அவரு ஓடினாரா?"

"பேசாதீங்க ஐயா. எச்சில் பட்டா ஒட்டாது."

ஒரு பூச்சு. நீல விளக்கு. இருபது விநாடி.

"மெட்ராஸ்லேர்ந்து வந்து எங்க ஜனங்களுக்குப் பல்லு கட்டுற தெய்வம் நீங்க! உங்கள விட்டா எங்களுக்கு யாரு இருக்கா? அந்த ஹாமில்டன் குளிர்ல போயி வெள்ளைக்காரனுக்குப் பல்லு தேய்ச்சுவிடப் போறீங்களா?"

தெய்வம் என்றதும் கல்யாணியின் கை ஒரு கணம் நின்றுவிட்டது. எட்டு வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் அவளைப் பார்த்து "ஐயோ, வலிக்குது" என்பதைத் தவிர வேறெதுவும் சொன்னதில்லை.

அடுத்த பூச்சு. நீல விளக்கு. அது அணைவதற்காக இப்போது அவளே காத்திருந்தாள்.

"நீங்க போனா உங்களப் பாத்து நூறு பேரு மூட்டை கட்டுவான். நீங்க நின்னா நூறு பேரு நிப்பான். அச்சா, இதுக்கு மேல உங்க இஷ்டம்."

கல்யாணிக்குக் கண் கலங்கிவிட்டது. பல் உடைந்த மனுஷரே அசையாமல் நிற்கிறார், பல் கட்டுகிற நான் ஓடுகிறேனே என்று வெட்கமாக இருந்தது.

"ஜான்கி! அந்த லெட்டரைக் கிழிச்சுப் போடு. 'வரவில்லை'ன்னு ஒரு வரி எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போடறேன்."

"டாக்டர், நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்றாள் ஜான்கி. பாவம், அவள் ஒருத்திதான் அங்கே யோசித்தவள்.

"எழுதும்மா."

கல்யாணி கையெழுத்துப் போட்டுவிட்டு, வேறு கையுறை மாட்டிக்கொண்டு பல்லுக்கு மெருகு போட்டாள். பக்கத்து அறையில் ஃபாக்ஸ் மெஷின் கிர்ரென்று தாளை இழுத்தது. "போயிடுச்சு, டாக்டர்," என்று ஜான்கியின் குரல் வந்தது.

ஏழுமலை கண்ணாடியை வாங்கி ஈயென்று இளித்துப் பார்த்தார். எது பல், எது ஒட்டு என்று அவருக்கே தெரியவில்லை.

"வினாக்கா, ரொம்ப நன்றி, டாக்டரம்மா! நூறு வருஷம் நல்லா இருக்கணும் நீங்க."

"நன்றி ஐயா. ரெண்டு நாளைக்கு டீயும் மஞ்சள் போட்ட கறியும் வேண்டாம். கரும்பைக் கடிக்கவே கூடாது." அவளுக்கு மனசு லேசாகிவிட்டது. ஏதோ நாட்டையே காப்பாற்றிவிட்டதுபோல ஒரு நிறைவு.

கதவு வரைக்கும் போனவர், என்ன நினைத்தாரோ, தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தார்.

"டாக்டரம்மா, கேக்கறேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. நியூசிலாந்து போறதுக்குன்னு குளிர் கோட்டு எதனா வாங்கி வெச்சிருக்கீங்களா?"

"ஒண்ணு வாங்கினேன். இனிமே எனக்கு எதுக்கு? எடுத்துக்கங்க," என்று சிரித்தாள் கல்யாணி. "யாருக்கு ஐயா?"

புதுப் பல் இரண்டும் பளிச்சென்று தெரிய ஏழுமலையும் சிரித்தார்.

"என் பொண்ணு ப்ரேமிலாவுக்கு. அவளும் பல் டாக்டருதான், லிஸ்ட்டுல உங்களுக்கு அடுத்த பேரு."