பிரிச்சுப் பாத்துட்டுத்தான் அனுப்புவேன்

"கொஞ்சம் நில்லுங்கண்ணே. பிரிச்சுப் பாத்துட்டு அனுப்புறேன்."

இரண்டாவது மாடி டெய்லரக்காவின் குரல் கேட்டதும், எதிர் வீட்டுச் செகரட்டரிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. குடியிருப்போர் சங்கத்துக்குத்தான் அவர் செகரட்டரி. ஆனால் ஊர் நியாயம் மொத்தத்தையும் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறவர்.

கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

கூரியர்காரர் முதுகில் கனத்த பையோடு, ஆளுயர அட்டைப்பெட்டி ஒன்றைச் சுவரில் சாய்த்துப் பிடித்தபடி நின்றார். டெய்லரக்கா ஒரு கையில் கத்திரிக்கோல், மறு கையில் போன். வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

என்றைக்கும் இதே கூத்துதான். ஒரு டப்பா நூல்கண்டு வந்தால்கூட கூரியர்காரரை வாசலிலேயே நிறுத்திவிட்டுத்தான் பிரிப்பாள். மாடி முழுக்க அவளுக்கு 'சி.ஐ.டி. அக்கா' என்று பேர். வைத்தவரே செகரட்டரிதான்.

"ஏம்மா, அந்த மனுஷன் இன்னும் எத்தனை வீடு ஏறி இறங்கணும்? இப்படித் திருடனைப் பிடிச்ச மாதிரி நிக்க வெச்சிருக்கீங்களே!"

"அஞ்சு நிமிஷம் சார்."

"எனக்கும்தான் வாரம் தவறாம பார்சல் வருது. கையெழுத்துப் போட்டோமா, வாங்கி வெச்சோமா, 'போயிட்டு வாங்க'ன்னு அனுப்பினோமான்னு இருக்கேன். மனுஷனுக்கு மனுஷன் ஒரு நம்பிக்கை வேணாமா?"

கூரியர்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நீங்க பேசாதீங்க. உங்களுக்காகத்தான் நான் பேசிட்டிருக்கேன்" என்று செகரட்டரி அவரை அடக்கினார்.

டெய்லரக்கா எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அண்ணே, பெட்டியை மெதுவாத் திருப்புங்க. நாலு பக்கமும் தெரியணும்" என்றாள்.

"இது வேறயா? போலீஸ் சோதனை தோத்துச்சு!"

பெட்டி ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு டேப்பை வெட்டி, அட்டையைப் பிரித்தாள். உள்ளே, துணி போட்டுப் பார்க்கும் அறைக்காக அவள் ஆசை ஆசையாக ஆர்டர் பண்ணிய நிலைக்கண்ணாடி. மேலிருந்து கீழ்வரை விரிசல். கீழ் மூலையிலிருந்து ஒரு சில்லு கிளிங்கென்று தரையில் விழுந்தது.

கூரியர்காரரின் முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா... நான் எங்கயும் போடலக்கா. சத்தியமா. படியிலகூட கட்டிப் பிடிச்சுத்தான் தூக்கிட்டு வந்தேன்."

செகரட்டரிக்கு மனம் இளகிவிட்டது. முன்னால் வந்து நடுவில் நின்றுகொண்டார்.

"விடும்மா. ஆர்டர் போடும்போதே பார்சல் பாதுகாப்புன்னு தனியாப் பணம் கட்டுறோமில்ல? நானும் எல்லாத்துக்கும் கட்டுறவன்தான். உடைஞ்சாலும் தொலைஞ்சாலும் புதுசு வந்துடும். அப்புறம் எதுக்கு இவரைப் படம் பிடிக்கிறீங்க? பொழப்புல மண்ணைப் போடாதீங்கம்மா."

"கொஞ்சம் தள்ளுங்க சார், மறைக்குது" என்ற டெய்லரக்கா, போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு சத்தமாகப் பேசினாள்.

"பெட்டி வந்தப்போ ஒரு மூலைகூட நசுங்கல. வெளியில ஒரு கிழிசல் இல்ல. உள்ளதான் தெர்மாகோலும் வைக்கல, ஒண்ணும் வைக்கல. வெறும் காகிதத்தைச் சுத்தி அனுப்பியிருக்காங்க. பேக் பண்ணினவங்க தப்பு. கொண்டு வந்தவர் பத்திரமாத்தான் கொண்டு வந்திருக்கார். அவர் கண்ணு முன்னாலதான் பிரிச்சேன்."

வீடியோவை நிறுத்தினாள். கூரியர்காரருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

செகரட்டரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இவ்வளவு வியாக்கியானம் எதுக்கும்மா? உங்களுக்குத்தான் எப்படியும் வேற கண்ணாடி வரப்போகுதே!"

"எனக்கு வரும் சார். ஆனா ஏன் உடைஞ்சதுன்னு அவங்க ஒரு காரணம் எழுதணுமில்ல? ஆளை அனுப்பிட்டு அப்புறமா 'உடைஞ்சிருக்கு'ன்னு சொன்னா, இவர்தான் கீழ போட்டுட்டார்னு முடிச்சுடுவாங்க. எனக்குப் பாதுகாப்பு இருக்கு. இவருக்கு என்ன இருக்கு?"

"அப்ப... நூல்கண்டு? அது உடையுமா?"

"பத்து போட வேண்டிய டப்பால எட்டுதான் இருந்தா, வழியில எடுத்துட்டியான்னு யாரைக் கேப்பாங்க?"

 தினமும் தான் கேலி பண்ணிய அந்தப் பெண்பிள்ளையைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது செகரட்டரிக்கு. அவளோ, அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல், யார் காலிலும் குத்திவிடக் கூடாதென்று கண்ணாடிச் சில்லைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொல்லத்தான் வந்தேன் சார்" என்றார் கூரியர்காரர். "ஏற்கெனவே என் பேர்ல ரெண்டு புகார் இருக்கு. மூணாவது விழுந்தா வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க. வீட்ல ரெண்டு புள்ளைங்க படிக்குது. இன்னிக்கு அக்கா இல்லேன்னா அவ்வளவுதான்."

செகரட்டரிக்கு ரத்தம் கொதித்தது.

"எவன்யா அந்தப் புண்ணியவான்? வாங்கி வெச்சுட்டு, ஆள் போனப்புறம் முதுகுல குத்தினவன்? எந்த வீடுன்னு சொல்லுங்க. இப்பவே போய் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்குறேன்!"

"அதெல்லாம் வேணாம் சார். தெரியாம செஞ்சிருப்பாங்க."

"அட, சும்மா சொல்லுங்க!"

கூரியர்காரர் டெய்லரக்காவைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்பது போலத் தலையாட்டினாள். செகரட்டரி விடுவதாக இல்லை.

"ஒண்ணு, உங்க பூச்சாடி சார்" என்றார் அவர் மெதுவாக. "இன்னொண்ணு, உங்க டீ கப் செட்டு."