விமானக்காரர் வீட்டு அறை

"வீட்டுக்காரக் கிழவன், நான், நீங்கள் ரெண்டு பேர், தங்கச்சியின்ர வயித்துக்குள்ள ஒண்டு. அஞ்சு பேர் இருக்கிறம். வாய் திறக்கிறது நான் மட்டும்தான். விளங்குதே?" என்றார் யோகராஜா.

பாலேந்திராவும் அவன் மனைவி வசந்தமலரும் தலையாட்டினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்து மூன்று மாதம். இங்கிலீஷ் இன்னும் பிடிபடவில்லை. குட்மேய்ஸில் ஒரு கூட்டாளியின் முன்னறையில் ஒண்டியிருந்தார்கள். கூட்டாளியின் அண்ணன் ஜெர்மனியிலிருந்து குடும்பத்தோடு வருகிறான். ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த இடத்தையும் விட வேண்டும். வயிற்றில் ஏழு மாதம். போக்கிடம் கிடையாது.

மோர்டனில் தனியாக இருக்கும் ரினால்டோ என்ற இத்தாலிக்காரர், மேல்மாடி அறைக்குத் தமிழ்க் குடும்பம் வேண்டும் என்று விம்பிள்டன் கோயிலுக்கு ஃபோன் செய்திருந்தார். கோயில்காரர் இவர்களைச் சொன்னார்கள். மொழிபெயர்க்க யோகராஜாவை அனுப்பினார்கள்.

ரினால்டோ இடது காலை இழுத்து இழுத்து வந்து தேத்தண்ணீரை வைத்தார். வசந்தமலரின் வீங்கிய பாதங்களைப் பார்த்தார். திரும்பிப் போய் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து அவள் காலடியில் போட்டு, அதன்மேல் ஒரு குஷனையும் வைத்தார்.

சுவரில் ஒரு படம். பழைய இரட்டைச் சிறகு விமானத்தில் சாய்ந்தபடி ஒரு வாலிபன்.

"ஆர் அண்ணை அது? மகனோ?" என்றான் பாலேந்திரா.

யோகராஜா இங்கிலீஷில் கேட்டார். கிழவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேசப் பேச அவருடைய இரண்டு கைகளும் மேலே எழுந்தன. ஒரு கை முன்னே பறந்தது. மற்றது வளைந்து வளைந்து அதைத் துரத்தியது.

"என்னவாம்?"

"அது அவர்தானாம். இத்தாலி விமானப்படை. ரெண்டாம் உலக யுத்தத்தில ஆப்பிரிக்காவில பொம்மர் ஓடினவராம். சனத்தின்ர வீடுகளுக்குக் குண்டு போட்டு, வெளியில ஓடி வந்த ஆக்களைத் துரத்தித் துரத்திச் சுட்டதைத்தான் கையால காட்டுறார்."

கிழவரின் கைகள் அந்தரத்தில் அப்படியே நின்றன. பழசு உறுத்துகிறது போலும் என்று வசந்தமலர் நினைத்தாள்.

"உன்ர வீட்டுக்குக் குண்டு போட்டது எது, தங்கச்சி? சியாமாசெட்டி. அது எந்த நாட்டில செய்த பிளேன்? இத்தாலி. யோசிச்சுப் பார்," என்றார் யோகராஜா.

கூரை இல்லாமல் நின்ற வீட்டுச் சுவர் வசந்தமலரின் கண்ணுக்குள் வந்தது.

கிழவர் மறுபடி தொடங்கினார். காலைத் தொட்டார். விரல்களால் நெருப்புப் போலக் காட்டினார். தன் சட்டைக் கழுத்தைத் தானே பிடித்து இழுத்தார். பிறகு பாலேந்திராவின் கையைச் சுட்டிக் காட்டிவிட்டு, உள்ளங்கையைத் தன் நெஞ்சில் வைத்தார்.

"இப்ப என்னவாம்?"

"பிளேன் எரிஞ்சு விழுந்ததாம். இந்தியன் ஆமிக்காரன் சட்டையில பிடிச்சு இழுத்துக்கொண்டு போய் மறியலில போட்டவனாம். அண்டையில இருந்து உங்கட நிறத்து ஆக்களைக் கண்டா நெஞ்சு எரியுதாம்."

"அப்ப ஏன் தமிழ் ஆக்களைக் கேட்டவர்?"

"சமைக்க, துடைக்க, கால் பிடிச்சு விட. வேற ஏன்? எங்கட சனம்தானே வாய் பொத்திக்கொண்டு செய்யும்."

பாலேந்திரா எழுந்துவிட்டான். "வா மலர், போவம். ரோட்டில படுத்தாலும் இந்த மனிசனிட்ட வேண்டாம்."

வசந்தமலர் அசையவில்லை.

"இருங்கோப்பா. யோகண்ணை, நான் சொல்லுறதை அப்பிடியே அவருக்குச் சொல்லுங்கோ. இந்த ஊருக்கு வந்து மூண்டு மாசம். ஒருத்தரும் என்ர காலைப் பாக்கேல்லை. இவர் பாத்தவர். ஸ்டூல் கொண்டு வந்து வைச்சவர். முந்தி என்ன செய்தவரோ, அது அவருக்கும் கடவுளுக்கும். எனக்குச் செய்தது இதுதான். இதுக்கு நான் நன்றி சொல்ல வேணும். அறை தந்தாரெண்டா சாகும்வரை மறக்கமாட்டன்."

யோகராஜா இங்கிலீஷில் பேசினார். அவள் சொன்னதைவிடக் கொஞ்சம் நீளமாகவே பேசினார். நடுவில் மேல்மாடியைக் காட்டினார். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

கிழவர் அவரைப் பார்க்கவில்லை. வசந்தமலரையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "நோ" என்றார்.

அந்தச் சொல் வசந்தமலருக்கும் தெரியும்.

"மாட்டாராம். பிள்ளை அழுதா நித்திரை வராதாம். எழும்புங்கோ, பஸ்ஸைப் பிடிப்பம்," என்றார் யோகராஜா.

அவள் ஸ்டூலிலிருந்து கால்களை எடுத்தாள். அப்போதும் கிழவரைப் பார்த்து, தெரிந்த இங்கிலீஷில், "தேங்க் யூ" என்றாள். வாயால் சொன்னது மட்டுமில்லை, அவள் மனதிலும் அதுதான் இருந்தது.

யோகராஜா கோட்டை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக வாசலைத் தாண்டினார். "கெதியா வாங்கோ, குளிருது."

பின்னால் வந்த இருவரையும் கிழவர் கை நீட்டி மறித்தார்.

"நீங்க உள்ளேயே இருங்கம்மா," என்றார், கரடுமுரடான தமிழில். "இவன் மாத்திச் சொன்னதெல்லாம் எனக்குப் புரிஞ்சுது, எதுவரைக்கும் போறான்னு பார்த்துட்டிருந்தேன். நான் வீட்டு மேல குண்டு போட்டதே இல்லை, பிளேனோட பிளேன்தான் சண்டை. எரியற பிளேன்லேருந்து என்னை இழுத்துக் காப்பாத்தினது ஒரு மெட்ராஸ் சிப்பாய், இந்தப் பாஷை கத்துக்கிட்டது பெங்களூர் கேம்ப்ல கைதியா இருந்த நாலு வருஷத்துல, காவலுக்கு நின்ன தமிழ் ஆளுங்ககிட்ட, அந்த நன்றிக்குத்தான் கோயிலுக்கு ஃபோன் பண்ணேன். உங்களுக்கு வீடு பிடிக்கலைன்னு பொய் சொல்லி, ரூமைத் தனக்குக் கொடுன்னு கேட்டான் இந்த ஆள். நான் 'நோ' சொன்னது அவனுக்கு."

வெளியே படியில் வாயைப் பிளந்துகொண்டு நின்ற யோகராஜாவின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தி, சாவியை இரண்டு தரம் திருப்பினார்.