பத்தடிக்குப் பத்தடி

தையல்காரியின் வீடு பத்தடிக்குப் பத்தடி, ஒரே அறை. குடியிருந்த வீடு கைவிட்டுப் போன அக்கா, இரண்டு பெண் பிள்ளைகளோடு வருகிற ஞாயிற்றுக்கிழமை இங்கேயே தங்க வந்துவிடுவாள். தையல்காரி தலையில் கைவைத்து உட்காரவில்லை. பூதம் போல நின்ற பீரோவை வெளியேற்றினாள். சுவருக்கு வெள்ளையடித்தாள். ஜன்னலுக்கு எதிரே ஆளுயரக் கண்ணாடி மாட்டினாள். வெட்டி மிஞ்சிய மஞ்சள் துணிகளை ஒட்டுப்போட்டுத் திரை தைத்தாள்.

மடக்குக் கட்டிலுக்கு அளவெடுக்க வந்த தச்சர், "பதினோரடி இருக்கும்மா" என்றார்.

"பத்துதாண்ணே. குடியிருக்கிறவ எனக்குத் தெரியாதா?"

மறுபடி அளந்தார். பதினொன்றுதான். வெளியே நடையில் போய் அதே சுவரை அளந்தார். அங்கே பத்து.

சனிக்கிழமை கட்டிலோடு வந்தபோது உள்ளே பதின்மூன்று இருந்தது. "மடக்காமலே போட்டுக்கலாம் போலிருக்கே" என்று தலையைச் சொறிந்தார்.

ஞாயிறு காலை அக்கா பைகளோடு வாசலிலேயே தயங்கினாள். "உனக்கே இடம் பத்தாதேடி."

"முதல்ல உள்ள வாக்கா."

வந்தவள் சுற்றிப் பார்த்தாள். பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "அடியே, அரண்மனையால்ல ஆக்கி வச்சிருக்கே!"

அதற்குள் சின்னவள் செருப்பை உதறிவிட்டு எதிர்ச்சுவரை நோக்கி ஓடினாள். அவள் சிரிப்பு முதலில் பக்கத்தில் கேட்டது. பிறகு தூரத்தில் கேட்டது. திரும்பி வந்துசேர அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"சித்தி," என்றாள், மூச்சு வாங்க. "இன்னொரு தடவை ஓடிட்டு வரட்டுமா?"