கதவு எண்

வடக்கனந்தலில் உச்சி வெயில் சுவர்களில் பட்டுக் கண்ணைக் கூசுகிறது. வீட்டுக்கடன் வாங்கித் தரும் ஏஜென்டாகத் தமிழழகனுக்கு இது முதல் நாள். பாவாடை என்பவரின் வீடு அவனுடைய முதல் ஃபைல். வங்கிக்குக் காட்ட அவரை வாசலில் நிறுத்திப் படமெடுக்க ஃபோனை உயர்த்துகிறான். பக்கத்துக் கதவிலிருந்து தம்பி முருகவேல் மண்வெட்டிக் காம்போடு பாய்கிறான். "ரெண்டு பேரு பேர்ல இருக்குற வூட்ட, என்னைக் கேக்காம எப்பட்றா அடமானம் வெப்ப?" காம்பு அண்ணனின் நெற்றியில் இறங்குகிறது, ஈரத்துணியைக் கல்லில் அடித்த சத்தம். அதே வேகத்தில் தமிழழகனின் புது அடையாள அட்டைக் கயிற்றைப் பிடித்துக் கழுத்தோடு முறுக்குகிறான். கயிறு அறுகிறது. அக்கம்பக்கத்தார் முருகவேலை இழுத்துக்கொண்டு போகிறார்கள். அவன் வசவு தெருமுனை வரை கேட்கிறது. புழுதி இன்னும் அடங்கவில்லை. பாவாடை சுவரைப் பிடித்து எழுகிறார். புருவத்தில் வழியும் ரத்தம் சட்டையில் சொட்டுகிறது. கழன்ற பொத்தானை நிதானமாகப் போட்டுக்கொண்டு, மறுபடியும் கதவின் முன் நிமிர்ந்து நிற்கிறார். "இப்ப எடுங்க சார்." தமிழழகன் ஃபோனை மறுபடி உயர்த்துகிறான். திரைக்குள் அந்த முகத்தைக் கொண்டுவருகிறான். பயிற்சியில் சொன்னது ஞாபகம் வருகிறது. "கொஞ்சம் நவுந்து நில்லுங்க. கதவு நம்பரு மறையுது."