வங்கி பிடித்தது

“இதைத் திருட்டுன்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது, டீச்சரம்மா?”

வங்கியின் சட்டப் பிரிவு அதிகாரி ஜுமாபெக், காகிதத்தை மேஜைமேல் தள்ளினார். எதிரே உட்கார்ந்திருந்த அக்மராலுக்குச் சுர்ரென்று ஏறியது. ஷிம்கெந்த் நகரில் பத்து வருடத்துக்கு மேலாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக் கொடுக்கிறவள். திருடி என்று அவளை இதுவரை யாரும் சொன்னதில்லை.

“என் கணக்கை நான் பாக்குறது திருட்டா சார்?”

“தாராளமா பாருங்க. எங்க இணையப் பக்கத்துல பாருங்க. அதை அப்படியே அள்ளிட்டுப் போய் வீட்டுக் கணக்கு மென்பொருள்ல கொட்டுறதுக்கு ஒரு புரோகிராம் எழுதியிருக்கீங்களே, அதைச் சொல்றேன்.”

“ஒவ்வொரு வரியா பாத்துப் பாத்துத் தட்டி விரல் தேஞ்சு போச்சு. அதான் எழுதினேன்.”

“எழுதி நீங்க மட்டும் வச்சிருந்தா யாரு கேக்கப் போறா? ஊருக்கெல்லாம் இனாமா குடுத்திருக்கீங்க. நானூறு பேருக்கு மேல பயன்படுத்துறாங்க.”

“அடேங்கப்பா, அவ்வளவு பேரா! எனக்கே தெரியாது.”

“சிரிக்காதீங்க. தினம் ரெண்டு பேராவது கவுன்ட்டர்ல வந்து சண்டை போடுறாங்க!”

வங்கிக்கு வலித்த இடம் அதுதான். குறுஞ்செய்திக்குக் கொஞ்சம், பணம் அனுப்பினால் கொஞ்சம், அட்டைக்குக் கொஞ்சம் என்று அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிடித்துக் கொண்டிருந்தார்கள். இணையப் பக்கத்தில் பார்த்தால் கண்ணில் உறுத்தாது. அக்மராலின் புரோகிராமோ அத்தனையையும் பொறுக்கியெடுத்து, ‘வங்கி பிடித்தது’ என்று ஒரே தலைப்பில் கூட்டிக் காட்டிவிடும். வருடக் கடைசியில் அந்தத் தொகையைப் பார்த்தவன் சும்மா இருப்பானா?

“வாடிக்கையாளர்களைத் தூண்டி விடுறீங்க,” என்றார் ஜுமாபெக்.

“சட்டியில இருக்கிறதுதான் சார் அகப்பையில வரும். நீங்க புடிச்சதைத்தான் அது காட்டுது. நானா ஒரு டெங்கே காசாவது கூட்டி எழுதினேனா?”

“நாளைக்கு எவனோ ஒருத்தனோட பாஸ்வேர்டு போச்சுன்னா?”

“அவங்கவங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல, அவங்கவங்க கணக்கை, அவங்கவங்க எடுத்துக்கறாங்க. என்கிட்ட ஒண்ணுமே வர்றதில்ல. வேணும்னா உங்க ஆளுங்களை விட்டுப் பிரிச்சுப் பாக்கச் சொல்லுங்க.”

ஜுமாபெக் கெண்டியை எடுத்து அவள் கிண்ணத்தில் பால் தேநீரை விளிம்பு தட்ட ஊற்றினார். அந்த ஊர் வழக்கப்படி, மதிக்கிற விருந்தாளிக்குப் பாதிக் கிண்ணம்தான் ஊற்றுவார்கள். தளும்பத் தளும்ப ஊற்றினால், குடித்துவிட்டு இடத்தைக் காலி பண்ணு என்று அர்த்தம்.

அக்மரால் அவசரப்படவில்லை. சொட்டு விடாமல் குடித்து முடித்தாள். கிண்ணத்தை மறுபடி நீட்டினாள்.

“இன்னும் ஊத்துங்க சார். நான் கெளம்புறதா இல்ல.”

அவர் முகம் சிவந்தது. குரலை உயர்த்தினார். “இதுல கையெழுத்துப் போடுங்க! புரோகிராமை அழிச்சிட்டேன், இனிமே எழுத மாட்டேன்னு. இல்லைன்னா உங்க பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் போகும். திருட்டுக் குத்தம் சுமந்த டீச்சரை அங்க வச்சுக்குவாங்களா?”

அக்மராலின் கணவனுக்கு வேலை போய் மாதங்கள் ஆகின்றன. அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலைக்கலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. காகிதத்தை மறுபடி பார்த்தாள். ‘என் தவறை உணர்ந்து’ என்று ஆரம்பித்திருந்தார்கள்.

பேனாவை மூடி, காகிதத்தோடு சேர்த்து அவர் பக்கமே தள்ளினாள்.

“எழுதுங்க சார், நல்லா எழுதுங்க. என் காசு எங்க போச்சுன்னு கேக்க எனக்கே உரிமை இல்லைன்னா, பிள்ளைங்களுக்கு நான் என்னத்தைச் சொல்லிக் குடுக்கறது? வேலை போனா போகட்டும். கையெழுத்துப் போட மாட்டேன்.”

எழுந்து கதவைத் திறந்து வெளியேறினாள். ஜுமாபெக்கும் பின்னாலேயே வந்தார். வாசல் வரைக்கும் வந்து விரட்டுகிறானே மனுஷன் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்க்காமல் லிஃப்டுக்குள் நுழைந்தாள்.

மூடப்போன கதவை அவர் கை தடுத்தது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

“அந்த ரூம்ல பேசுறதெல்லாம் பதிவாகுது தங்கச்சி, அதான் அவ்வளவு சத்தம் போட்டேன். கடிதம் கிடிதம்னு பயப்படாதே. அதை எழுத வேண்டியவனே நான்தான், எழுத மாட்டேன்.”

அக்மரால் கதவு மூடாதபடி பொத்தானை அழுத்திப் பிடித்தாள்.

“இன்னொரு விஷயம். திங்கக்கிழமை இணையப் பக்கத்தை மாத்தப் போறாங்க. தேதி, தொகை எல்லாம் இடம் மாறிடும். அதுக்குள்ள உன் புரோகிராமைச் சரி பண்ணிடும்மா. போன தடவை இப்படித்தான் அது நின்னு போய், மாசக் கணக்கு பூராவையும் என் பொண்டாட்டி என்னை உக்கார வச்சுக் கையால எழுத வச்சிட்டா!”