நான்காவது பக்கம்

கட்டட மரங்களுக்குத் தரமுத்திரை குத்தும் அரசு ஆய்வாளர் தணிகாசலம், பள்ளித் திறப்பு விழாவில் தற்செயலாக அண்ணாந்து பார்த்தார். கூரையைத் தாங்கும் உத்தரத்தின் அடிப்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கணு கறுத்துக் கிடந்தது. அதிலிருந்து மயிரிழையாக ஒரு வெடிப்பு ஓடியது. பக்கவாட்டில் அவருடைய நீல முத்திரை: முதல் தரம்.

நான்கு பக்கமும் பார்த்த பிறகே குத்த வேண்டும் என்பது விதி. அன்று மரவாடியில் மூன்று பக்கம் பார்த்தாகிவிட்டது. "பொரட்டிப் போடவா சார்?" என்று கேட்ட சுமைக்காரர் பவுன்ராஜின் தோளில் தோல் உரிந்திருந்தது. "வேணாம்யா, விடு" என்றார். அதை இரக்கம் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

கணுவுக்கு நேர்கீழே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டின் மேல் மழை கொட்டியது.

"விளக்கேத்துங்க சார்" என்று தலைமையாசிரியை எஸ்தர் மெழுகுவர்த்தியை நீட்டினார்.

"பிள்ளைங்கள வெளிய கூட்டிட்டுப் போங்க டீச்சர்."

"இந்த மழையிலயா? ஏன் சார்?"

அவர் கணுவை நோக்கி விரலை உயர்த்தினார். எஸ்தர் அண்ணாந்து பார்த்தார். முகம் தெளிந்து சிரித்தார்.

"அட, உங்க முத்திரைதானே சார்!"